கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? ஆறடி முருகைத் தொட்டிக்குக் கணக்குப் போடுவதும் குழாய் போடுவதும்

நான்கடித் தொட்டியில் இரண்டு வருடம் கடல்மீன் வளர்த்துப் பழகியவர்களின் கண் அடுத்ததாக ஆறடி முருகைத் தொட்டியில், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டியில், போய் நிற்கும். கண்ணாடி, விளக்கு, கல்லடுக்கு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். குழாய்க்கு மட்டும் கடைசி வாரம் ஹாட்வெயார் கடையில் நின்றபடி முடிவெடுப்பார்கள். பெரிய தொட்டிகள் வீட்டு நிலத்தை நனைப்பது பெரும்பாலும் அதனால்தான்.

தாளில் முதலில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே வரும், அதை வாங்கக் கீழே இடம் இருக்கிறதா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. யாழ்ப்பாணத்தில் தொட்டி வைப்பவர் மின்வெட்டை விபத்தாக அல்ல, வேலைநாளின் ஒரு பகுதியாகவே எண்ணிக் கணக்குப் போட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு: மேல்தொட்டி 180 × 75 × 60 செ.மீ., முழுக் கொள்ளளவு 810 லீற்றர். கீழ்த்தொட்டி, அதாவது சம்ப், 120 × 50 × 45 செ.மீ., 270 லீற்றர். மேல்தொட்டித் தண்ணீர் ஒரு விளிம்பால் வழிவுப்பெட்டிக்குள் வழிந்து, இறங்குகுழாய்களால் கீழ்த்தொட்டிக்கு வரும்; தடுப்பு வைத்துப் பிரித்த அதன் அறைகளைக் கடந்ததும் கடைசி அறையிலுள்ள பம்ப் அதை ஏறுகுழாயால் மறுபடி மேலே அனுப்பும். உங்கள் அளவு வேறானால் எண்களை மாற்றிப் போடுங்கள். கணக்கின் வழி மாறாது.

இறங்கும் தண்ணீரின் கணக்கு

மேல்தொட்டியின் நீர்ப்பரப்பு 1.8 × 0.75 = 1.35 சதுர மீற்றர். ஆகவே நீர்மட்டம் ஒரு செ.மீ. குறைந்தால் 13.5 லீற்றர் கீழே வந்துவிட்டது என்று பொருள். கீழ்த்தொட்டியின் பரப்பு 0.6 சதுர மீற்றர். அங்கே ஒரு செ.மீ. என்பது 6 லீற்றர்.

பம்ப் நின்றதும் மூன்று இடத்திலிருந்து தண்ணீர் இறங்கும். ஒன்று, வழிவு விளிம்புக்கு மேலே நிற்கும் படலம். இரண்டு, வழிவுப்பெட்டிக்குள் நிற்கும் தண்ணீர். மூன்று, ஏறுகுழாய் வழியாகத் திரும்பி உறிஞ்சப்படுவது. ஆட்களைக் கவிழ்ப்பது இந்த மூன்றாவதுதான். தண்ணீரை மேலே விடும் வாய்முனை நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்ற கணமே அது தலைகீழ்ச் சைபனாகி 15 செ.மீ. தண்ணீரையும் இழுத்துவிடும்: 15 × 13.5 = 202 லீற்றர். கீழ்த்தொட்டியில் மிச்சம் இருக்கும் இடம் அதில் முக்கால்வாசிகூட இல்லை.

வாய்முனை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே மட்டும் இருக்கட்டும். நீர்மட்டம் இரண்டு, இரண்டரை செ.மீ. குறைந்ததும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். அப்போது இறங்குவது கூடியது 34 லீற்றர். 50 × 15 × 30 செ.மீ. வழிவுப்பெட்டியிலிருந்து 20 லீற்றர், குழாய்களுக்குள் இருப்பது 5 லீற்றர் அளவில். மொத்தம் 60 லீற்றர். கீழ்த்தொட்டியில் 10 செ.மீ. உயர்வு. கீழ்த்தொட்டியை 23 செ.மீ. மட்டத்தில் ஓட விட்டால் கரண்ட் போகும்போது 33 செ.மீ. வரை ஏறும், விளிம்பு 45 செ.மீ.யில். இந்தக் கணக்குத் தாங்கும்.

ஏறுகுழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போட்டுக் காற்று புக விடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாசியும் நத்தையும் அந்தத் துளையை ஒரு மாதத்தில் அடைத்துவிடும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் அப்படியே. கல்சியப் படிவு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், மூட வேண்டிய அன்றைக்கு மூடாது.

எதிர்ப்பக்கக் கணக்கும் வேண்டும். இறங்குகுழாய் அடைபட்டால் பம்ப் தன் அறையில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிவிடும். பம்ப் அறை 25 × 50 செ.மீ., நீர் ஆழம் 20 செ.மீ. என்றால் 25 லீற்றர், மேலே 1.9 செ.மீ. உயரும். அறையில் மட்டம் குறைந்ததைக் கண்டு தானியங்கி நன்னீர் நிரப்பியும் ஓடத் தொடங்கும். அதன் கலன் 40 லீற்றர் என்றால் இன்னும் 3 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 4.9 செ.மீ. ஆகவே மேல்தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் விளிம்பு 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 6 இருந்தால் நிம்மதி. பம்ப் அறையைப் பெரிதாக வைத்தால் நல்லது என்று தோன்றும். உண்மையில் சின்ன அறைதான் பாதுகாப்பு.

எடை, நிலம், தாங்கி

தண்ணீர், கண்ணாடி, கல், மணல், தாங்கி, கீழ்த்தொட்டி எல்லாம் சேர்ந்து 1300 கிலோவை ஒட்டி வரும். அது 1.35 சதுர மீற்றரில் நிற்கிறது. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 960 கிலோ. வீட்டு மேல்மாடித் தளங்களைச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான சுமைக்கே வழக்கமாகக் கணக்கிடுவார்கள். ஆகவே கீழ்வீடுதான். மாடியில்தான் வைப்பேன் என்பவர் மேசனிடம் அல்ல, கட்டடப் பொறியியலாளரிடம் கேட்க வேண்டும்.

கீழ்வீட்டிலும் ஓடு பதித்த இடத்தை ஒரு கட்டையால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெறுமை ஒலி கேட்கும் இடத்தில் தாங்கியின் கால் விழுந்தால் ஓடு வெடிக்கும். கால்களை விட, நீளத்துக்கு ஓடும் அடிச்சட்டம் நல்லது.

தாங்கிக்கு 50 × 50 மி.மீ., 3 மி.மீ. தடிப்புள்ள இரும்புப் பெட்டிச்சட்டம் போதும். ஆனால் உப்புக் காற்றும் உப்புத் தெறிப்பும் ஒட்டு வைத்த மூலைகளைத்தான் முதலில் தின்னும். துருநீக்கி, இரண்டு கலவை எபொக்சிப் பூச்சு மூன்று கை கொடுக்க வேண்டும். மேசன் வேலை மலிவாகக் கிடைத்தால் சீமெந்துக் கல்லில் மூன்று சுவர் எழுப்பி மேலே 10 செ.மீ. கொங்கிறீற் தட்டுப் போடுவது இரும்பை விட நீடிக்கும். ஒரே குறை, பிறகு நகர்த்த முடியாது, குழாய் போகும் வழியை முன்கூட்டியே விட வேண்டும். பனைமரத்தில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூரைச் சிலாகையாக அதை மிஞ்ச எதுவுமில்லை; ஆனால் வைரம் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும் மரத்தில் மூட்டுக்கள் பிடித்து நிற்கா.

மேல்தட்டை ரசமட்டம் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று நான்கு திசையிலும் பாருங்கள். 180 செ.மீ. நீளத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. அதன்மேல் 12 மி.மீ. ரெஜிபோம் தாள் ஒன்று. சிறு மேடுபள்ளத்தை அது வாங்கும், கோணலை வாங்காது.

கண்ணாடி 12 மி.மீ., மேலே சுற்றிவரப் பட்டி வைத்தது. அடித்தட்டு 15 மி.மீ. சுற்றுப்பட்டி வேண்டாம் என்றால் எல்லாப் பக்கமும் 15. சிலிக்கன் வாங்கும்போது பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்ததை எடுக்காதீர்கள். குளியலறைக்கு விற்பது பெரும்பாலும் அந்த வகை.

துளை

இறங்குகுழாய்களுக்குக் கண்ணாடியில் துளை போடுமுன், அவற்றைப் பொருத்தும் கனெக்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் போடும் அதே பிளாஸ்ரிக் கனெக்டர்தான். அதன் கழுத்தை அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. கூடிய வைரத்தூள் துளைவாளைத் தேர்ந்தெடுங்கள். லேபிளில் எழுதியிருக்கும் அளவை நம்பித் துளைத்தவர்கள் துளையைப் பெரிதாக்கப் போய்க் கண்ணாடியை இழந்திருக்கிறார்கள்.

பதப்படுத்திய கண்ணாடியில் துளைக்கவே முடியாது. தொட்டதும் பொடியாக உதிரும். கடையில் ஆயத்தமாக வாங்கும் தொட்டிகளின் அடித்தட்டு சிலவேளை அந்த வகையாக இருக்கும். புதிதாகச் செய்விப்பவர் சாதாரணக் கண்ணாடி என்று சொல்லிவிடுவதுதான் வழி. துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில் குறைந்தது துளையின் விட்டம் அளவு தூரம் விடுங்கள். பின்பக்கம் ரேப் ஒட்டி, களிமண்ணால் வட்ட வரம்பு கட்டித் தண்ணீர் நிரப்பி, துளைகருவியைக் குறைந்த வேகத்தில் அதன் சொந்தப் பாரத்தில் மட்டும் இறங்க விடுங்கள். 12 மி.மீ.க்குப் பத்து நிமிடம் எடுக்கும். கடைசி 2 மி.மீ.யில் அழுத்தினால்தான் வெடிக்கும்.

இறப்பர் வளையம் கனெக்டரின் தலைப்பக்கம் போக வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று. இறப்பரில் சிலிக்கன் பூசாதீர்கள். வளையம் வழுக்கி வெளியே பிதுங்கும், பிறகு எடுக்கவும் வராது.

மூன்று இறங்குகுழாய்

சத்தமும் இல்லாமல் அடைப்பும் இல்லாமல் இறக்குவதற்கு உலகமெங்கும் கைக்கொள்வது மூன்று குழாய் முறை. பீன் அனிமல் என்று அழைப்பார்கள். மூன்றும் 40 மி.மீ. குழாய், மூன்றுக்கும் வழிவுப்பெட்டியில் தனித்தனி உயரம்.

முதலாவது முழுச் சைபன். வாய் பெட்டிக்குள் எப்போதும் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும், காற்றே போகாது. கீழே வரும் வழியில் ஒரு கேற் வால்வ். இதுதான் ஏறக்குறைய எல்லாத் தண்ணீரையும் இறக்கும். ஒரு மீற்றர் வீழ்ச்சியில் 32 மி.மீ. குழாயே மணிக்கு 4000 லீற்றரை ஒட்டி விடும், 40 மி.மீ. அதைவிட நன்றாகக் கூட விடும். ஆகவே வால்வை மூடித் திறந்து நமக்குத் தேவையான அளவில் நிறுத்துகிறோம்.

இரண்டாவது திறந்த குழாய். வால்வால் பிடித்தது போக மிஞ்சும் சிறு தண்ணீர் இதன் சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கும், நடுவில் காற்று. இதன் தலையில் ஒரு சிறு காற்றுக்குழாய் பொருத்தி, அதன் மறுமுனையைப் பெட்டியின் சாதாரண நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே வையுங்கள். முதற்குழாய் அடைபட்டு மட்டம் உயர்ந்தால் தண்ணீர் அந்தக் காற்றுவாயை மூடும்; உடனே இரண்டாவது குழாயே சைபனாக மாறி முழுத் தண்ணீரையும் இழுக்கும். மூன்றாவது வெறும் உலர் குழாய், இரண்டையும் விட உயரத்தில் வாய். அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஏதோ பிழை என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காகவே அதன் கீழ்முனையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்துவார்கள்.

பலர் தவறுவது முதலிரு குழாய்களின் கீழ்முனையில். அவை கீழ்த்தொட்டி நீருக்குள் 2 செ.மீ. மட்டுமே அமிழ வேண்டும். கரண்ட் வந்து பம்ப் மறுபடி தொடங்கும்போது குழாய்க்குள் அடைபட்ட காற்றை விழும் தண்ணீர் கீழே தள்ளி வெளியேற்ற வேண்டும். முனை 10, 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் காற்று வெளியேற முடியாமல் நடுவில் நிற்கும், சைபன் தொடங்காது, மேல்தொட்டி ஏறிக்கொண்டே போகும். பகலில் ஆள் நிற்கும்போது சரியாக ஓடிய தொட்டி இரவு கரண்ட் போய் வந்த பிறகு வழிந்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வழிவு விளிம்பின் நீளம் 50 செ.மீ. போதும். மணிக்கு 3500 லீற்றர் அதன்மேல் ஒரு செ.மீ. படலமாகப் போகும், மீன் நுழையாமலிருக்கச் சீப்புப் பல் வைத்து வழியில் பாதி மறைந்தால் படலம் 1.6 செ.மீ. ஆகும்.

கேற் வால்வில் ஒரு எச்சரிக்கை. ஹாட்வெயாரில் கேற் வால்வ் என்று கேட்டால் எடுத்துத் தருவது பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல்நீரில் அது கரையும். மீனுக்குத் தெரியாத அளவு செம்பே முருகையையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். முழுப் பிளாஸ்ரிக்கில் கேற் வால்வ் கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து தருவித்துக்கொள்ளுங்கள். போல் வால்வால் சமாளிக்கலாம்தான், ஆனால் கைப்பிடியைத் தலைமயிரளவு அசைத்தாலும் நீரோட்டம் மாறிவிடும். மூன்றாம் நாள் பொறுமை போகும்.

ஏறுகுழாய்: தடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

மேல்தொட்டி நீரை மணிக்கு ஐந்து தடவை சுழற்றினால் போதும். கல்லும் மணலும் போக 700 லீற்றர் என்று வைத்தால் 3500 லீற்றர். முருகைக்கு வேண்டிய அலையை உள்ளே வைக்கும் அலைப்பம்ப் தரும். ஏற்றும் பம்பிடம் அதைக் கேட்க வேண்டாம்.

பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் 8000 லீற்றர் என்பது தண்ணீரை உயர்த்தாமல், குழாயே இல்லாமல் வரும் அளவு. உண்மையில் அது 1.4 மீற்றர் உயர்த்த வேண்டும், அதோடு குழாயின் உராய்வையும் வெல்ல வேண்டும். இரண்டு மீற்றர் குழாய், நான்கு எல்போ, மணிக்கு 3500 லீற்றர் என்று வைத்துப் பார்த்தால் உராய்வு இப்படி வரும்: 25 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 2.4 மீற்றர் உயரத்துக்குச் சமம், 32 மி.மீ.யில் 0.7 மீற்றர், 40 மி.மீ.யில் 0.3 மீற்றர். முக்கால் அங்குலக் குழாய் (25 மி.மீ.) போட்டவர் தன் பம்பை மேலும் ஒரு மாடி உயரத்துக்கு ஏற்றச் சொல்கிறார் என்று பொருள். பம்பின் வாய் 25 மி.மீ. ஆக இருந்தாலும், வாயை விட்டதும் குறைப்பானால் 32க்கோ 40க்கோ ஏற்றிவிடுங்கள். ஒரு 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போட இடமிருந்தால் போடுங்கள்.

இந்த அளவுக்கு 7000 முதல் 8000 லீற்றர் வகை நேர்மின் (DC) பம்ப் பொருந்தும். தேவைக்குக் கூடினால் வேகத்தைக் குறைக்கலாம். சாதாரண மின்பம்பில் அது முடியாது. கூடினதை ஒரு ரீ (T) மூட்டு வைத்துக் கீழ்த்தொட்டிக்கே திருப்ப வேண்டும்.

பம்பை விட்டதும் ஒரு குட்டி இறப்பர் அல்லது சிலிக்கன் குழாய்த் துண்டு வைத்துப் பிறகு கடுங்குழாய்க்குப் போங்கள். அதிர்வுச் சத்தம் வீட்டுச் சுவருக்கு ஏறாது. கிளாம்ப் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், கறல் பிடிக்காத உருக்கு என்று விற்பதும் உப்புத் தண்ணீரில் ஆறு மாதத்தில் கறல் காட்டும்.

அங்குலம் என்று சொன்னால் எந்த அங்குலம்?

இங்கே கடையில் அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு அங்குலம் என்று கேட்டு வாங்குவது உண்மையில் 20, 25, 32, 40, 50, 63 மி.மீ. வெளிவிட்டக் குழாய்கள். அமெரிக்காவிலிருந்து வரும் வழிவுப்பெட்டி, யூனியன் (கழற்றிப் பூட்டும் மூட்டு), வால்வ் எல்லாம் வேறு அளவு: அவர்களுடைய ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., ஒன்றரை 48.3, இரண்டு 60.3. நம்முடைய 32ஐ அவர்களுடைய ஓர் அங்குலச் சொக்கெற்றில் விட்டால் ஆடும். கம் (குழாய்ப் பசை) நிறையப் பூசினால் அடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். கம் இடைவெளியை நிரப்பாது, இரண்டு சுவரையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஆடும் மூட்டில் அது பிடிக்காது. நம்முடைய 50ஓ அவர்களுடைய ஒன்றரைக்குள் போகவே போகாது.

மரையிலும் இதே கதை. அரை, முக்கால் அங்குலத்தில் நம்முடைய பிரித்தானிய மரைக்கும் அமெரிக்க மரைக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று. கோணம் மட்டும் 55, 60 என்று வேறு. திரெட் சீல் சுற்றினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஓர் அங்குலத்திலிருந்து மேலே பிரித்தானிய மரை 11 சுற்று, அமெரிக்க மரை பதினொன்றரை. இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும், இறுகிவிட்டது என்று நினைத்து விடுவோம், அங்கேதான் கசியும். வெளியிலிருந்து சாமான் எடுப்பவர் முழுவதையும் ஒரே முறையில் எடுக்கட்டும். கலக்க வேண்டி வந்தால் கலக்கும் இடத்தில் நெகிழ்குழாயும் கிளாம்பும் போடுங்கள்.

ஒட்டும் நாள்

முதலில் எல்லாவற்றையும் கம் இல்லாமல் பொருத்தி, ஒவ்வொரு மூட்டிலும் குழாயையும் பிற்றிங்கையும் கடந்து மாக்கரால் ஒரு கோடு இழுத்து, எண் போட்டுக் கழற்றுங்கள். கம் இல்லாமல் குழாய் முழு ஆழம் போகாது என்பதை மறக்காதீர்கள். சொக்கெற்றின் ஆழத்தைத் தனியாக அளந்து வெட்டினால்தான் ஒட்டிய பிறகு நீளம் சரிவரும்.

வாளால் வெட்டிய முனையின் பிசிறைக் கத்தியால் எடுத்து, வெளி ஓரத்தைச் சாய்வாகச் சுரண்டுங்கள். சாய்வில்லாத முனை உள்ளே போகும்போது கம்மை வழித்துக்கொண்டு போய்விடும். சாண்ட் பேப்பரால் பளபளப்பை எடுத்து, துடைத்து, குழாயில் நிறையவும் சொக்கெற்றில் மெல்லியதாகவும் பூசி, கால் சுற்றுத் திருகித் தள்ளி, முப்பது விநாடி பிடித்திருங்கள். விட்டுவிட்டால் குழாய் தானாகவே வெளியே தள்ளும். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானம் ஒட்டுவது பிழை. பூசி முடியுமுன்னே தோல் கட்டிவிடும். விடியப்புறம் செய்து முடியுங்கள். தண்ணீர் விட 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

யூனியனில் சிக்கனம் வேண்டாம். பம்புக்கு மேலே ஒன்று, ஒவ்வொரு வால்வுக்கும் இருபுறமும் ஒன்று. மூன்று வருடத்தில் ஒரு வால்வ் இறுகும்போது ஒரு யூனியன் விலைக்கு முழுக்குழாயையும் வெட்டுவதா என்ற கேள்வி வரும்.

கீழ்த்தொட்டிக்குள்

தண்ணீர் விழும் அறையில் 200 மைக்ரோன் வடிதுணிப்பை. நான்கு நாளுக்கொருமுறை மாற்றாவிட்டால் அதுவே அழுக்குக் கிடங்கு. அடுத்தது, நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நிற்கும் அறை, மட்டம் எப்போதும் ஒரே அளவில், வழக்கமாக 20 செ.மீ. வரை, ஸ்கிம்மரோடு வரும் தாளைப் பார்த்துத் தடுப்பின் உயரத்தை முடிவெடுங்கள், ஏனென்றால் தடுப்பை ஒட்டிய பிறகு மாற்ற முடியாது. பிறகு பாசி வளர்க்கும் அறை, கடைசியில் பம்ப் அறை. நீராவியாகப் போகும் குறை பம்ப் அறையில் மட்டுமே தெரியும்; நன்னீர் நிரப்பியின் உணரி அங்கேதான். நன்னீர் வரும் குழாயின் முனை எந்த நேரமும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சைபனாகிக் கலன் முழுவதையும் இறக்கி உப்பைக் குறைத்துவிடும்.

கரண்ட்

எல்லா வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டட்டும். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் வகைதானா, அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். ஏற்றும் பம்பும் அலைப்பம்பும் வேறு வேறு இணைப்பில் இருந்தால் ஒரு பழுதான ஹீற்றர் ட்ரிப் பண்ணும்போது எல்லாம் ஒன்றாகச் சாகாது.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஒட்சிசன். ஏற்றும் பம்பை ஓட்ட வேண்டியதில்லை. ஒரு 20 வற் நேர்மின் அலைப்பம்ப் மேற்பரப்பைக் குழப்பினால் போதும். 12 வோல்ற், 100 அம்பியர் மணி ஈயபற்றறியில் பாதியை மட்டும் பாவித்தால் 600 வற் மணி. இழப்புப் போக ஒரு நாள் ஓடும்.

வெப்பமும் நன்னீரும்

முருகைக்கு 25 முதல் 27 பாகை நல்லது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைத்து நாளுக்குப் பத்து லீற்றர் ஆவியாக்கினால் 280 வற் குளிரூட்டி இடைவிடாமல் ஓடியதற்குச் சமம். சோளகம் வீசும் மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அவ்வளவு ஆவியாகாது. நல்லவேளை அப்போது வெயிலும் குறைவு. விசிறியால் 28க்குக் கீழே இறங்காவிட்டால்தான் சில்லர். அதன் சூடு வெளியே போக வழி இல்லாத அறையில் சில்லர் வைப்பது வீண்.

ஆவியாகிய பத்து லீற்றருக்கும் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற முடியாது. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகள் வன்னீர். தோட்டக் காணிகளை ஒட்டியவற்றில் உரத்தால் நைத்திரேற்றும் கூட. நாள்தோறும் ஊற்றி ஆவியாகும்போது தண்ணீர் போகும், நைத்திரேற் தங்கும். அயனீக்கிப் பகுதியோடு கூடிய ஆர்ஓ கருவி கட்டாயம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்திலிருந்து வரும் குழாய்நீரானாலும் குளோரீன் இருக்கும். கரி வடிகட்டியைத் தாண்டியே சவ்வுக்குப் போக வேண்டும். ஆர்ஓ தள்ளிவிடும் கழிவுநீர் நல்ல தண்ணீரைப் போல் மூன்று நான்கு மடங்கு, தென்னைக்கு விடுங்கள்.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு உப்புப் பொடி வாங்குவதா என்பது நியாயமான கேள்வி. யாழ்ப்பாணக் கடனீரேரித் தண்ணீர் வேண்டாம்: கோடையில் உப்பு ஏறும், மாரியில் குறையும், எப்போதும் கலங்கல். வடகரையில் திறந்த கடல்நீர் எடுக்கலாம், மழை விட்டு இரண்டு வாரம் கழித்து, கரையிலிருந்து தள்ளி. மூடிய பரலில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, வடித்து, உப்பை அளந்து 35க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) சரிசெய்யுங்கள். மாரிகாலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இந்தப் பக்கம் வரும், அளக்காமல் ஊற்றாதீர்கள். அளவியை வெறும் தண்ணீரால் அல்ல, 35 உப்புத் திரவத்தால் சரிபாருங்கள். பொடியில் கலப்பதானால் 850 லீற்றருக்கு 32 கிலோ அளவில் வேண்டும்.

நனைத்துப் பார்த்தல்

முதல் நிரப்பு கிணற்றுத் தண்ணீரில். கால், அரை, முழு என்று ஏற்றி ஒவ்வொரு கட்டத்திலும் சில மணித்தியாலம் விட்டு, முழுத்தொட்டியாக 48 மணித்தியாலம். ஒவ்வொரு மூட்டின் கீழும் உலர்ந்த கடதாசி. கண்ணுக்குத் தெரியாத கசிவு கடதாசியில் தெரியும்.

பிறகு பம்பை ஓட்டி, கேற் வால்வை மெதுவாக மூடி, திறந்த குழாயில் மெல்லிய நீர் வழுக்கும் நிலையில் நிறுத்துங்கள். பம்பை நிறுத்தி, தண்ணீர் எல்லாம் இறங்கிய மட்டத்தைக் குறியுங்கள். மறுபடி போட்டு, கையால் எதையும் தொடாமல் சைபன் தானாகத் தொடங்குகிறதா பாருங்கள். ஐந்து தடவை. அடுத்து வால்வை முழுதாக மூடுங்கள்; இரண்டாவது குழாய் தனியாகத் தாங்க வேண்டும். அதையும் அடைத்து மூன்றாவதைச் சோதியுங்கள். கடைசியாக மூன்றையும் அடைத்து, பம்ப் தன் அறையை வறளாக்கும் வரை ஓட விட்டு, மேலே வழிகிறதா என்று நில்லுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் அதை வேறொரு நாள் உப்புத் தண்ணீரில், நித்திரையில், செய்வார்கள்.

ஓடும் மட்டத்தின் உச்ச எல்லையைக் கீழ்த்தொட்டிக் கண்ணாடியில் சிவப்பு ரேப்பால் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது தண்ணீர் ஊற்றினாலும் அதற்கு மேல் போகக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

மாற்றும் நாள்

புதிய கல்லை இருண்ட பரலில் உப்புநீரோடு பம்ப் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் வைத்து, அமோனியா இல்லை என்று கண்ட பிறகே தொட்டிக்குள் விடுங்கள். பழைய வீட்டு மதிலிலிருந்து விழுந்த முருகைக்கல்லைப் பாவிக்க ஆசை வரும். அதில் சுண்ணச்சாந்தும் வருடக்கணக்கில் ஏறிய பொசுபேற்றும் இருக்கும். பாசிக்கு அதைவிட விருந்து இல்லை. கடலிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்: அது இலங்கையில் சட்டவிரோதம். வெளிநாட்டிலிருந்து வரும் கல்முருகையும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது; கடதாசி இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய மணலை அப்படியே அள்ளிப் போடுவதுதான் ஒரே இரவில் மீன் சாகப் பெரிய காரணம். அடியில் கிடக்கும் கறுத்த மணலைக் கிளறினால் ஐதரசன் சல்பைட்டும் அமோனியாவும் வெளியே வரும். மேல்படையிலிருந்து இரண்டு கோப்பை மட்டும் விதையாக எடுங்கள். மிச்சத்தைக் கழுவுங்கள் அல்லது எறியுங்கள். பழைய கல் ஈரம் காயாமல், அதே தண்ணீருக்குள் வாளியில் வரட்டும். புதுத்தொட்டியின் வெப்பம், உப்பு இரண்டும் பழையதோடு ஒத்த பிறகே உயிர்கள். உப்பு 1க்கு மேல் வித்தியாசமானால் ஒரு மணித்தியாலத்துக்குச் சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள். முருகையை முதல் இரண்டு வாரம் அடியில் வைத்து விளக்கைப் பாதியாகக் குறையுங்கள்.

இடம் இருந்தால் பழைய தொட்டியை மேலும் ஒரு மாதம் வெறும் தண்ணீரும் ஒரு கல்லுமாக ஓட விட்டு வையுங்கள். முதல் வாரம் அமோனியாவை நாளுக்கொருமுறை, கேற் வால்வை நாளுக்கொருமுறை பாருங்கள்; குழாயின் உள்ளே பாசிப்படலம் பிடிக்கப் பிடிக்க ஓட்டம் சற்று மாறும், கால் சுற்றுத் திருத்த வேண்டி வரும். மூன்றாம் வாரத்தோடு அது அடங்கிவிடும்.